நேற்று எத்தனை முழம் மிஞ்சியது? வானொலியில் தொழில் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு வானொலி நிலையத்தில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருக்கிறேன். வாரம் ஒரு முறை, பன்னிரண்டு நிமிடம், இந்த நகரத்தில் உழைத்துப் பிழைக்கும் ஒருவரின் ஒரு நாளைச் சொல்லும் நிகழ்ச்சி என் பொறுப்பு. நேயர்கள் தொலைபேசியில் கேட்பவை, நிலையத்தைப் பார்க்க வரும் மாணவர்கள் கேட்பவை, பேசச் சம்மதித்தவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பவை என்று கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு என்னால் இயன்ற பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இதுவரை யாரெல்லாம் பேசியிருக்கிறார்கள்?

புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரித்து விற்பவர், ரிச்சி தெருவில் செல்போன் பழுது பார்ப்பவர், கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர், சௌகார்பேட்டையில் நாற்பது வருடமாகக் கணக்கு எழுதுபவர், தியாகராய நகர் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண், காசிமேட்டில் வலை பின்னுபவர், மயிலாப்பூரில் பூக்கட்டி விற்கும் அம்மா, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். கடைசி இருவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறையவே எழுதப்போகிறேன். நான் கற்றுக்கொண்டதில் பாதி அவர்களிடம் கற்றது.

பெரிய தொழிலதிபர்களை ஏன் அழைப்பதில்லை?

அவர்களுக்குப் பேச வேறு இடங்கள் இருக்கின்றன என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வெற்றிக் கதையை நூறு மேடைகளில் சொன்னவரின் வாயில் அது கூழாங்கல்லைப்போல வழவழப்பாகிவிடுகிறது. எந்த ஆண்டு கஷ்டம், எந்த இடத்தில் திருப்பம் என்று எல்லாம் ஏற்கெனவே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். தன் தொழிலைப் பற்றி வாழ்க்கையில் ஒருமுறைகூட யாராலும் கேட்கப்படாத ஒருவர், நாம் கேட்கும்போதுதான் முதன்முதலாக அதை நினைத்துப் பார்க்கிறார். நினைத்துக்கொண்டே பேசுகிறவரின் குரலில் ஒரு தேடல் இருக்கும். வானொலிக்கு முகம் கிடையாது. குரல் தேடுவது கேட்பவரின் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

முதல் கேள்வியாக எதைக் கேட்பீர்கள்?

தொடக்கத்தில் நானும் எல்லாரையும்போல, "இந்தத் தொழிலில் என்ன கஷ்டம்?" என்றுதான் கேட்டேன். "என்ன செய்வது, காலம் ஓடுகிறது" என்பார்கள். கஷ்டத்தைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் ஒரு கௌரவமான பொதுப் பதிலைச் சொல்லி வாசலிலேயே நம்மை நிறுத்திவிடுகிறார்கள். அதில் தவறே இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் எதற்காகக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும்?

பூக்கட்டும் அம்மாவிடமும் அப்படித்தான் கேட்டேன், அதே பதில்தான் வந்தது. ஒலிப்பதிவுக் கருவியை மூடப்போகும் நேரத்தில், கூடையில் ஈரத்துணிக்கு அடியில் கொஞ்சம் சரம் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "நேற்று எத்தனை முழம் மிஞ்சியது அம்மா?" என்று சும்மா கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறு முழம்" என்றார். பிறகு நான் எதுவுமே கேட்க வேண்டியிருக்கவில்லை. அதிகாலையில் கோயம்பேட்டுக்குப் போய் 1,400 ரூபாய்க்கு உதிரிப்பூ வாங்கியது, ஆட்டோவுக்கு 120 கொடுத்தது, இரவு கடை எடுக்கும்வரை கைக்கு வந்தது 1,750. மிச்சம் 230. அதில் தண்டலுக்கு 100 போனால் 130. அந்த ஆறு முழமும் விற்றிருந்தால் அன்று பேரனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியிருப்பார்.

அந்த இருபது நிமிடத்தில் அவர் சொன்ன தொழில் நுணுக்கங்களை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மார்கழிக் குளிரில் மல்லி விளைச்சல் சுருங்கி விலை ஏறும்போது, முழத்தின் விலையை ஒரேயடியாக ஏற்றினால் வாடிக்கையாளர் அடுத்த கூடைக்குப் போய்விடுவார். அதனால் முதலில் பூவுக்கும் பூவுக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவாராம். விலை அப்படியே இருக்கும், சரம் மெலியும். முழம் என்பது விற்பவரின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. "என் கை கொஞ்சம் நீளம் தம்பி, அதனாலேயே எனக்கு வாடிக்கை அதிகம், லாபம் குறைவு" என்றார். ஒரு பெண்ணின் கையளவில் ஒரு தொழிலின் பொருளாதாரமே அடங்கியிருந்தது.

அன்றிலிருந்து கணக்கில்தான் தொடங்குகிறேன். நேற்று எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எது மிஞ்சியது. நேற்றைய கணக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பின்னால் வீடு, பிள்ளைகள், கடன், பயம், பெருமை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

தண்டல் என்கிறீர்களே, அது என்ன?

சென்னையின் தெருவோர வியாபாரம் பெரும்பாலும் இதில்தான் ஓடுகிறது. வேறு ஊர் நேயர்கள் கேட்பதால் சொல்கிறேன். 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு. கையில் தருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் வந்தது. தெருவோர வியாபாரிகளுக்கு வங்கி வழியாகக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020-இல் வந்தது; அப்போது முதல் தவணை 10,000 ரூபாய். இரண்டும் நல்லவை. ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்குக் கோயம்பேட்டில் நிற்கும்போது காகிதம் எதுவும் கேட்காமல் பணம் தருகிறவர் தண்டல்காரர் ஒருவர்தான். அவரை வெறும் வில்லனாக்கி முடித்துவிட்டால் அந்த அம்மா ஏன் மறுபடி மறுபடி அவரிடம் போகிறார் என்பது நேயருக்குப் புரியாமல் போய்விடும். வட்டியின் கொடுமையைக் கணக்கோடு சொல்கிறேன். அவரிடம் போக வேண்டிய அவசியத்தையும் அதே கணக்கோடு சொல்கிறேன்.

பேசியவர்களின் பெயரை மாற்றுவீர்களா? அவர்களுக்கு ஏதேனும் தீங்கு வந்ததுண்டா?

வந்ததுண்டு. இந்தக் கேள்வியைச் சுருக்கமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மதிலை ஒட்டி, வேப்பமர நிழலில் இஸ்திரி வண்டி வைத்திருந்த ஒருவரைப் பதிவு செய்தேன். கரிப்பெட்டிக்காரர். கரி விலை, ஒரு மூட்டை எத்தனை நாளுக்கு வரும், பருத்திச் சட்டைக்கும் பாலியெஸ்டருக்கும் சூட்டை எப்படி அளக்கிறார் என்றெல்லாம் அருமையாகச் சொன்னார். பேச்சின் நடுவில், அந்தக் குடியிருப்பின் காவலாளி இரவில் தன் வண்டியை உள்ளே நிறுத்திக்கொள்ள விடுவதையும், பதிலுக்குக் காவலாளியின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பதையும் சொன்னார். இரண்டு எளிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் அந்த இடம்தான் முழு நிகழ்ச்சியிலும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதையே நிகழ்ச்சியின் முடிவாக வைத்தேன்.

பெயரைச் சொல்லவில்லை. ஆனால் தெருவைச் சொல்லியிருந்தேன், வேப்பமரத்தையும் சொல்லியிருந்தேன். குடியிருப்பின் நிர்வாகத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். காவலாளிக்குக் கண்டிப்பு, வண்டிக்கு இரவில் இடம் இல்லை. ஐம்பதைக் கடந்த மனிதர் அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. இது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் நல்லதாகத்தான் சொன்னீர்கள் சார்" என்றார். நிர்வாகத்தாரிடம் பேசிப் பார்த்தேன், பயனில்லை. அவருடைய இரவுகளை நான் கெடுத்தேன் என்பது உண்மை. அந்தப் பதிவை அதற்குப் பிறகு மறுஒலிபரப்புச் செய்யவில்லை.

எளியவர்களின் பிழைப்பு பல நேரங்களில் சொல்லப்படாத சலுகைகளின்மேல் நிற்கிறது. யாரோ ஒருவர் கண்டும் காணாமல் விடுவதால் ஒரு கடை நடக்கிறது. ஒலிபரப்பு அதைக் கண்டதாக்கிவிடுகிறது. எந்தக் கணக்கைத் தேடி நான் போகிறேனோ அதே கணக்கு அவரைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். வாடகையைச் சொன்னால் கடை இடத்தின் உரிமையாளர் கேட்பார். லாபத்தைச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரர் கேட்பார். கடனைச் சொன்னால் சம்பந்தி வீட்டார் கேட்பார்.

ஆகவே இப்போது தொகுத்து முடித்த வடிவத்தைப் பேசியவருக்கு முதலில் போட்டுக் காட்டுகிறோம். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதை யார் கேட்டால் உங்களுக்கோ உங்களுக்கு உதவுகிறவருக்கோ நஷ்டம்?" அவர் கைகாட்டும் வரியை எடுத்துவிடுகிறோம், அது எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும். பெயரோடு தெரு, கடையின் அடையாளம் ஆகியவற்றையும் தேவைப்பட்டால் விட்டுவிடுகிறோம். இதழியல் படித்த நண்பர்கள், பேசியவரிடமே முன்கூட்டிப் போட்டுக் காட்டுவது தயாரிப்பாளரின் உரிமையை விட்டுக்கொடுப்பதாகும் என்று வாதிடுகிறார்கள். அமைச்சரையோ பெரிய நிறுவனத் தலைவரையோ பேட்டி எடுக்கும்போது அவர்கள் சொல்வது சரி. வேப்பமர நிழலில் நிற்பவருக்கு அந்த விதி பொருந்தாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பேசுபவர்களுக்குப் பணம் தருகிறீர்களா? இது விளம்பரமா?

இரண்டும் இல்லை. ஆனால் அவர்களின் நேரம் இலவசமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். போணி ஆகும் முன் யாரிடமும் போவதில்லை. முகூர்த்த நாளில் பூக்கடைக்கும், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பொரிக்கடைக்கும், பள்ளி திறக்கும் வாரத்தில் தையல்கடைக்கும் போவதில்லை. வாடிக்கையாளர் வந்தால் பேச்சு அந்த இடத்திலேயே நிற்கும். அப்படி நின்று தொடர்ந்த பேச்சுகள்தான் பெரும்பாலும் நன்றாக வந்திருக்கின்றன.

ஸ்டுடியோவுக்கு அழைத்துப் பதிவு செய்தால் ஒலி தெளிவாக இருக்குமே?

தெளிவாக இருக்கும், ஆனால் மனிதர் இருக்கமாட்டார். குளிரூட்டிய அறையில், மெத்தைச் சுவர்களுக்கு நடுவே உட்கார வைத்தால் லேத் ஓட்டுபவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார். அவருடைய பட்டறையில் இரும்புச் சுருள் உதிரும் சத்தத்தை வைத்தே வெட்டு சரியாக விழுகிறதா என்று சொல்லிவிடுவார். அந்தச் சத்தம் இல்லாமல் அவர் திறமையை எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு ஒலி உண்டு. காசிமேட்டில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்தில் கூவுபவரின் குரல் ஏறி இறங்குவதை வைத்தே அன்றைய வரத்து நல்லதா கெட்டதா என்று அங்கிருப்பவர்கள் சொல்வார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் இந்தத் தடை. ஒருமுறை வேண்டுமென்றே அந்த நாட்களில் துறைமுகத்துக்குப் போனேன். டீசல் என்ஜின் சத்தம் இல்லை. படகின் பலகையில் சுத்தியல் விழும் ஒலி, வண்ணம் சுரண்டும் ஒலி, வலை பின்னும் ஐந்தாறு பேரின் தாழ்ந்த பேச்சு, அவ்வளவுதான். வலை பின்னுபவர், "எல்லாருக்கும் இது வேலை இல்லாத காலம், எனக்கு மட்டும் இதுதான் சீசன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த நிசப்தத்தைப் பின்னணியில் முழுதாக விட்டோம்.

செல்போனில் பதிவு செய்தால் போதுமா?

போதும். விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள், பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரில் அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள்; சென்னை வெயிலில் அது கொஞ்சம் கொடுமைதான், ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள். கடற்கரைக் காற்று இருந்தால் போனின்மேல் மெல்லிய பருத்திக் கைக்குட்டை. பேச்சு முடிந்தவுடன் கிளம்பிவிடாமல், யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பின்னால் வெட்டி ஒட்டும்போது ஓட்டை தெரியாமல் பூச அந்த ஒரு நிமிடம் உதவும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் மறப்பது இதைத்தான்.

பேசுபவர் சென்னைத் தமிழில் பேசினால் திருத்துவீர்களா?

ஒரு சொல்லைக்கூடத் திருத்துவதில்லை. வர்ணனையில் நான் பொதுத் தமிழில் பேசுகிறேன். அவர்கள் அவர்கள் தமிழில் பேசுகிறார்கள். (இந்தப் பக்கத்தில் அவர்கள் சொன்னதை எழுத்து நடைக்கு மாற்றியிருப்பது படிப்பவர்களின் வசதிக்காக மட்டுமே.) கொச்சையாக இருக்கிறது என்று சில நேயர்கள் வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். போணி, கொசுறு, கல்லா, மண்டி, உதிரி, கைராசி ஆகிய சொற்கள் சந்தையில் பிறந்தவை அல்லது சந்தையில் வளர்ந்தவை. ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக் கொசுறாகப் போடும்போது நடப்பதை வேறு எந்தச் சொல்லாலும் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

சம்பளப் பிரச்சினை, வேலைநிறுத்தம் பற்றி ஏன் பேசுவதில்லை?

இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்களும் சமுதாய வானொலிகளும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகவே நடந்துகொண்டிருக்கும் வேலைநிறுத்தத்தை எங்களால் செய்தியாகச் சொல்ல இயலாது. இந்தக் கட்டுப்பாடு நீங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் ஒருவர் தன் வேலைநாளைச் சொல்லும்போது உரிமையும் உள்ளே வந்துவிடுகிறது. இந்த ஊரின் உழைப்பு வரலாறு பெரியது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூரின் பின்னி ஆலைத் தொழிலாளர்களால், அதில் திரு.வி.க. முன்னின்றார். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியது இந்தக் கடற்கரையில். இவற்றை நிகழ்ச்சிகளில் சொல்லியிருக்கிறோம். 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் தமிழ்நாடு ஒரு திருத்தம் செய்து, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. புடவை விரித்துக் காட்டும் பெண்ணிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. "காலையிலிருந்து இரவு வரை எத்தனை முறை உட்கார்ந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். சாப்பாட்டுக்கு ஒரு முறை, டீக்கு ஒரு முறை. "நாற்காலி வந்துவிட்டது, அதில் உட்காரும் தைரியம் இன்னும் வரவில்லை" என்றார்.

வானொலியை இப்போது யார் கேட்கிறார்கள்?

ஆட்டோ ஓட்டுபவர்கள், தையல்காரர்கள், சமையலறையில் நிற்பவர்கள், இரவுக் காவலாளிகள். கண்ணும் கையும் வேலையில் இருக்க, காது மட்டும் ஓய்வாக இருப்பவர்கள். எங்கள் நிகழ்ச்சியில் பேசுகிறவர்களும் அதைக் கேட்கிறவர்களும் ஒரே கூட்டம்தான்.

தொழில் பற்றிய பேச்சு வானொலிக்குப் புதிதுமல்ல. 1960-களில் ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சை விவசாயிகள் வானொலி வழியாக அறிந்து பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. ஒரு பயிருக்கு வானொலியின் பெயரை வைத்த மக்கள் நம் மக்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வருகிறது.

பணமில்லாமல் தள்ளாடுவதும் வானொலிக்குப் பழக்கம்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று உருவாக்கிய மெட்ராஸ் மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணத்தட்டுப்பாட்டால் 1927 அக்டோபரில் நின்றுபோனது. 1930-இல் சென்னை மாநகராட்சி அதைக் கையில் எடுத்து, 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் நிலையம் இங்கே தொடங்கும்வரை நடத்தியது. ஆனாலும் நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977-இல் சென்னையில்தான். முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலியும் 2004-இல் இங்கே அண்ணா பல்கலைக்கழகத்தில்தான்.

நான் மாணவன். எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டிலிருந்து. அப்பாவோ அம்மாவோ வேலையிலிருந்து திரும்பியதும் நேற்றைய கணக்கைக் கேளுங்கள். பத்து நிமிடம் பதிவு செய்து, மூன்று நிமிடமாகச் சுருக்குங்கள். எதை வெட்ட மனம் வரவில்லையோ அதைக் குறித்து வையுங்கள். உங்கள் காது எதை நாடுகிறது என்பது அதில் தெரியும்.

தவறாக ஏதேனும் சொல்லிவிட்டால் திருத்துவீர்களா?

திருத்துவோம், அடுத்த வாரமே, நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே. பூக்கட்டும் அம்மாவின் பகுதி ஒலிபரப்பானபோது அவர் மகன் போனில் போட்டுக் காட்டியிருக்கிறார். மறுநாள் மாலை நான் அவ்வழியே போனபோது அம்மா கூப்பிட்டார். "எல்லாம் சரியாகத்தான் இருந்தது தம்பி, ஆனால் கணக்கு தப்பு. நாருக்கு முப்பது ரூபாய் ஆனதை நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை" என்றார். அன்று அவர் கையில் நின்றது 130 அல்ல, 100. அடுத்த வாரம் நிகழ்ச்சியை அந்த முப்பது ரூபாயில்தான் தொடங்கினோம்.